இடது கோடு கொஞ்சம் நீளம்

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்புறத் தெரு ஒன்றில், மூன்றாவது மாடியில் இருந்தது அந்தத் தோல் கிளினிக். காத்திருந்த பெண்கள் எல்லோரும் கையில் ஒரு முகத்தோடு வந்திருந்தார்கள். ஒருத்தி செல்போனில் ஒரு நடிகையின் கன்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தன்னுடைய கல்யாண ஆல்பத்தையே மடியில் வைத்திருந்தாள். லூயிசாவிடம் மட்டும் எதுவும் இல்லை. அவளுக்கு வேண்டிய முகத்துக்குப் படம் கிடையாது. அதனால்தான் அவள் அங்கே வந்திருந்தாள்.

டாக்டர் ஜோயாவுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. எப்படி இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டாள். முப்பத்தெட்டு வயதில் இருந்த மாதிரி என்றாள் லூயிசா. வருகிறவர்கள் எல்லாம் பத்து வயது குறைந்தால் போதும் என்பார்கள், இப்படி வயதைக் குறித்துக் கேட்ட ஆள் நீங்கள்தான் என்று ஜோயா சிரித்தாள். ஏதாவது விசேஷம் வருகிறதா என்றும் கேட்டாள். நவம்பர் இரண்டாம் தேதி குடும்பத்தோடு ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்று லூயிசா பதில் சொன்னாள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் குடும்பத்தோடுதான் போகிறார்கள்.

லூயிசாவும் பிரிஸில்லாவும் இரட்டைப் பிள்ளைகள். பிரிஸில்லா பதினோரு நிமிஷம் மூத்தவள். அந்தப் பதினோரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க அதிகாரம் செய்தாள். பத்தாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே பவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். லூயிசா போட்டுக்கொண்டாள். பிரிஸில்லா மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல், மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் நின்று தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் புருவத்தைச் சுருக்கிச் சுருக்கியே படித்தாள். முப்பது வயதுக்குள் இரண்டு புருவங்களுக்கும் நடுவே நெட்டுக்குத்தாக இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. இடது கோடு கொஞ்சம் நீளம். கோயிலுக்கு வருகிறவர்களை எல்லாம் முறைக்கிறாள் என்று பேர் வாங்கினாள். உண்மையில் அவளுக்கு ஆள் தெரியாது, அவ்வளவுதான். கிட்டே வந்து இன்னார் என்று தெரிந்ததும் முகம் முழுக்கச் சிரிப்பாள். எந்தப் போட்டோவும் அந்த முறைப்பும் சிரிப்பும் சேர்ந்த முகத்தைப் பிடித்ததில்லை. பிரிஸில்லா போட்டோவுக்கு நிற்கவே மாட்டாள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், டெங்குவில் ஒன்பதே நாளில் அவள் போய்விட்டாள். முப்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை. முப்பதாம் நாள் பூசையின்போது அவள் கணவர் ஆஸ்டின் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் நினைவு அட்டை கொடுத்தார். லூயிசாவும் வாங்கிப் பார்த்தாள். பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே ஒரு செபம். மேலே இருந்தது லூயிசாவின் முகம்.

அவள் வேலை பார்க்கும் கோபாலபுரம் பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டைக்காக அந்த வருஷம் மந்தைவெளி ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. ஃபிளாஷ் அடிக்கிறது என்று கண்ணாடியைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். எட்டுப் பிரதிகளில் ஒன்றைப் பிரிஸில்லா எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். உனக்கு எதுக்குடி என் போட்டோ என்று கேட்டதற்கு, எப்படியும் நம்ம மூஞ்சிதானே என்றாள். அந்தப் பர்ஸிலிருந்துதான் ஆஸ்டின் அதை எடுத்திருக்கிறார். மனைவியின் பர்ஸில் மனைவியின் படம் என்று நினைத்துவிட்டார். அழுது வீங்கிய கண்ணோடு அட்டைகளை நீட்டிக்கொண்டிருந்த மனிதரிடம், இது உங்கள் மனைவி இல்லை என்று கூட்டத்தின் நடுவே எப்படிச் சொல்வது? லூயிசா சொல்லவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் அதே படத்தைப் பீங்கான் ஓட்டில் சுட்டுக் கல்லறைக் கல்லில் பதித்துவிட்டார்கள். அதன்பிறகு சொல்வதற்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் அவள் தன் முகத்துக்கு முன்னால் தானே மெழுகுவர்த்தி கொளுத்திவைத்தாள். ஆஸ்டின் அவள் முகத்தைப் பார்த்து அழுதார். மறுகல்யாணம் செய்துகொண்டு கொட்டிவாக்கத்தில் குடியேறிய பிறகும் அந்த ஒரு நாள் தவறாமல் வந்து அழுதார். கோட்டூர்புரத்துப் பிறந்த வீட்டில் இருந்த பழைய ஆல்பங்கள் எல்லாம் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் போயின. பிரிஸில்லாவின் முகம் பிரிஸில்லாவோடு போய்விட்டது. மண்ணுக்குள் அவளும் மேலே இவளுமாக இருந்தார்கள்.

இந்த மே மாதம் ஆஸ்டின் போன் செய்தார்.

"லூயி, கல்லுல இருக்கற போட்டோ விரிசல் வுட்டுக்கினு கீது. மூஞ்சிக்குக் குறுக்கால. கல்லறைத் திருநாளுக்குள்ள மாத்திடணும். உங்கிட்ட வேற போட்டோ எதுனா இருக்கா?"

"இருக்கு அத்தான். நான் பாத்துக்கறேன்" என்றாள் லூயிசா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு வாஷ்பேசின் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். நாற்பத்தைந்து வயதில் அவளுக்கும் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் விழ ஆரம்பித்திருந்தன. நாலாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தித் திருத்தி வந்தவை. இடது கோடு கொஞ்சம் நீளம். இப்போது ஐம்பத்து நாலு வயதில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், பிரிஸில்லா எட்டவே எட்டாத ஒரு வயதில் பிரிஸில்லா அங்கே நின்றாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து. இந்தக் கன்னம் மட்டும் நிரம்பிவிட்டால் போதும். ஸ்டூடியோவில் கொடுத்தால் கம்ப்யூட்டரிலேயே நிரப்பித் தருவார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது யாரும் பார்த்திராத முகமாக இருக்கும். கல்லில் பதிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது தன் அக்காளைத் தான் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஜோயா அவளைக் கோபப்படச் சொன்னாள், ஆச்சரியப்படச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள். பிறகு, ஒரு ஊசி மட்டும் போட்டால் பாதி முகம்தான் பேசும், மூன்றையும் முறை வைத்துச் சேர்த்துப் போட்டால்தான் முகம் ஒன்றாக இருக்கும் என்று விளக்கினாள். முதலில் புருவ நடுவில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ். இரண்டு வாரம் கழித்துக் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் குழியை நிரப்பும் ஃபில்லர். அதற்குப் பிறகு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை, தோலுக்கு ஈரம் கொடுக்கும் ஸ்கின் பூஸ்டர். புருவ நடுக் கோடுகள் இப்போது ரொம்ப ஆழம், அவற்றை லைட்டாக்கிவிடலாம் என்றாள். பிரிஸில்லாவின் கோடுகள் இவ்வளவு ஆழம் இல்லைதான் என்று லூயிசா நினைத்தாள். லைட்டாக்குவது என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவளுக்குத் தெரியாது.

படுக்கவைத்துத் துடைத்தார்கள். நர்ஸ் புஷ்ரா அவள் தாடையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஊசி எறும்புக் கடி மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்தக் கை மெத்தென்று, வெதுவெதுப்பாக, கன்னத்திலேயே இருந்தது. தன் முகத்தை இன்னொருவர் தொட்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று லூயிசா கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை பிரிஸில்லாவில் போய் நின்றது. கண்ணோரம் வழிந்ததைப் பார்த்துவிட்டு, வலிக்குதா ஆன்ட்டி என்று புஷ்ரா கேட்டாள். இல்லம்மா, நீ பிடிச்சுக்கோ என்றாள் லூயிசா.

ஜூன் கடைசியில் கன்னத்தின் வீக்கம் வடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பும் முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் நிரம்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே குழி இல்லை. புருவங்களுக்கு நடுவே நெற்றி, புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி வழவழவென்று இருந்தது. அவள் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை.

கல்லறையில் விரிசல் விட்டுக் கிடக்கும் அதே முகம். முப்பத்தெட்டு வயது லூயிசா. அவ்வளவு பாடுபட்டு அவள் தன்னிடமே வந்து சேர்ந்திருந்தாள்.

அன்று பூசைக்குப் போகவில்லை. மறுநாள் பள்ளி முடிந்ததும் நேராக தி.நகருக்குப் போனாள். பதினாறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, ஒரு தோல் டாக்டரிடம், ஏசி சத்தத்துக்கு நடுவே, நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னாள். முப்பத்தெட்டு வயது என்று ஏன் குறித்துச் சொல்கிறீர்கள் என்று முதலிலேயே தான் கேட்டிருக்க வேண்டும் என்றாள் ஜோயா. போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, அது தானாகத்தான் போக வேண்டும். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பட்டைகள் வரைந்தாள். மேலே இருந்த போட்டாக்ஸ் பட்டை குட்டை, மூன்று நாலு மாதம். அதற்குக் கீழே ஃபில்லர், ஏறக்குறைய ஒரு வருஷம். மூன்றாவது பூஸ்டர், அரை வருஷம்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஆயுசு, மேடம். கோடு திரும்பி வரும்போது கன்னம் அப்படியேதான் இருக்கும். அந்த நேரத்துல யாரையும் நாங்க விடவே மாட்டோம், முன்னாடியே கூப்பிட்டு மறுபடி போட்டுடுவோம்." பேனாவால் முதல் பட்டை முடிந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். "உங்கள மட்டும் நான் கூப்பிட மாட்டேன்."

லூயிசா அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். புள்ளி அக்டோபரில் இருந்தது. ஓட்டில் படம் சுட்டுத் தருவதற்குப் பத்து நாள் ஆகும்.

காத்திருந்த மாதங்கள் மெதுவாகப் போயின. பள்ளியில் மற்ற ஆசிரியைகள் என்ன க்ரீம் போடுகிறாய் என்று கேட்டார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய கொண்டாட்டம். மிஸ்ஸுக்குக் கோபம் வருவதே தெரியவில்லை. அவள் முறைத்தாள், அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கோபம் வந்தால் மேஜையைத் தட்டுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தட்டுவதற்கும் ஆள் இல்லை. டிவியை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்திருப்பாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கோடு பிரிஸில்லாவுக்கு வந்தது எப்படியோ, அப்படியே வரட்டும். பள்ளி முடிந்து மந்தைவெளியில் இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அதே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். சிவப்பாக ஏதோ வந்தது. நம்பர் தெரியவில்லை. புருவத்தைச் சுருக்க முயன்றாள். நெற்றி கேட்கவில்லை. மறுநாளும் நின்றாள். தினமும் அரை மணி நேரம், எந்த பஸ்ஸிலும் ஏறாமல். கடலை வண்டிக்காரர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, எங்கே போக வேண்டும், நான் நம்பர் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எங்கேயும் இல்லை என்றாள்.

அங்கே நின்றபோதுதான் ஒன்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தெருவில் யாருக்கும் முகம் இல்லை. எல்லோரும் நிறமாகவும் நடையாகவும் வந்தார்கள். எந்த நிமிஷமும் அவர்களில் ஒருவர் தெரிந்தவராகிவிடலாம். பிரிஸில்லா கட்டுகிற புடவை நிறத்தில் ஒருத்தி வந்தால் நெஞ்சு ஒரு தடவை நின்று பிறகு ஓடியது. பிரிஸில்லா ஏன் கடைசிவரைக்கும் கண்ணாடி போடவில்லை என்பது, அவள் போய் பதினாறு வருஷம் கழித்து, லூயிசாவுக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. கேட்டு உறுதி செய்துகொள்ள ஆள் இல்லை.

செப்டம்பர் முடிந்தது. அக்டோபர் பத்து ஆயிற்று. நெற்றியில் லேசான நெளிவு தவிர ஒன்றும் இல்லை. கிளினிக்கிலிருந்து செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது, உங்கள் பளபளப்பைப் புதுப்பித்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது என்று. ஜோயா சொன்னது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை போல. லூயிசா அதை அழித்தாள்.

பதினாறாம் தேதி காலை, பல் விளக்கிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குள் பிரிஸில்லா அவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

இடது கோடுதான் முதலில் வந்திருந்தது. வலது கோடு அதைத் தொட்டும் தொடாமலும் பக்கத்தில் நின்றது. கன்னம் நிரம்பி, கண்ணுக்குக் கீழே நிழல் இல்லாமல். குழாயை மூட மறந்து லூயிசா நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஏண்டி முறைக்கறே. நாந்தான்."

எதிரே இருந்தவளும் உதட்டை அசைத்தாள். அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள் என்பது லூயிசாவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் இன்னும் கிட்டே போனாள், மூச்சுப் பட்டு கண்ணாடி மங்கும் அளவுக்கு. அன்று முதல் பீரியடுக்கு அவள் போகவில்லை.

மந்தைவெளி ஸ்டூடியோவில், அன்றைக்கு அவளைப் படம் எடுத்த அக்பர் பாஷா தாடி நரைத்து, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கின் முன் உட்கார்ந்தாள். மேடம், மூஞ்சிய ஃப்ரீயா வுடுங்க என்றார் நாலு தடவை. அவள் அவர் தலைக்கு மேலே சுவரில் இருந்த காலண்டரின் சின்ன எழுத்தைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள். எடுத்து முடித்துக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் நெற்றி வழவழவென்று இருந்தது. கேட்காமலே துடைத்துவிட்டிருந்தார். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாராம், கோடு இருந்தால் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்களாம்.

"அந்தக் கோட்ட திருப்பிப் போடுங்க பாய்."

"இன்னா மேடம், கோடு வேணும்னு கேக்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்று அவர் துடைக்காத படத்துக்குத் திரும்பினார். அளவு கேட்டார். சொன்னாள். கல்லறைக் கல்லுக்கு என்று தெரிந்ததும் அவர் கை மவுஸில் நின்றது. யாருக்கு என்று கேட்டார். அக்காவுக்கு என்றாள்.

"உக்காந்தது நீங்கதானே, மேடம். உசுரோட கீறவங்க போட்டோவ கல்லுக்குப் போட எனக்கு மனசு வர்ல."

"முன்னாடி அங்க இருந்ததும் நீங்க எடுத்ததுதான், பாய். அதுவும் நான்தான். இதுதான் அவ."

அக்பர் பாஷா திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுக்குள் எந்த அளவு புத்தி சரியாக இருக்கிறது என்று எடை போடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு ரசீது எழுதினார்.

நவம்பர் இரண்டாம் தேதி மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் சேற்றைத் தாண்டித் தாண்டி ஜனங்கள் சாமந்தி மாலைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். லூயிசா புடவைத் தலைப்பால் முக்காடு போட்டுக் கண்ணாடி அணிந்து நின்றாள். ஓட்டுப் படத்தை முந்தின நாளே கொத்தனார் பதித்துவிட்டிருந்தார். ஆஸ்டின் வந்தார். இரண்டு மாலைகளைச் சாத்தினார். ஈரமான கல்லைக் கைக்குட்டையால் துடைத்தார். படம் நன்றாக வந்திருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார். பதினாறு வருஷம் ஒரு முகத்தைப் பார்த்து அழுதவர், இன்னொரு முகத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று லூயிசா நினைத்தாள். அதுவும் சரிதான். அவள் சொல்வதாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்டின் மெழுகுவர்த்தியை நட்டார். எழுந்து ஓரடி பின்னால் வந்தார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். பிறகு வலப்பக்கம்.

"இன்னா லூயி இது. எங்க போனாலும் என்னியே முறைக்கிற மாரி கீது."

லூயிசா ஓரமாக விலகி அவருக்கு வழி விட்டாள்.

"கிட்டப் போங்க அத்தான். தூரத்துல அவளுக்கு ஆள் தெரியாது."

ஆஸ்டின் அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தன் படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி சேற்றிலேயே மண்டியிட்டார். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் இருந்தார். விரல் மெதுவாக மேலே போய், புருவங்களுக்கு நடுவே, இடது கோட்டின் மேல் நின்றது.

"இது எப்ப எடுத்தது?" என்றார், திரும்பாமலே.

"கண்ணாடி போடாதப்ப."

அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று லூயிசாவுக்குத் தெரியாது. இந்த வருஷம் அவர் சத்தமாக அழவில்லை. போகும்போது வழக்கமாகச் சொல்லும் வரேன் லூயி என்பதைக்கூட அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, கல்லைப் பார்த்துச் சொன்னார். கொட்டிவாக்கத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள்.

பொழுது சாயச் சாய மெழுகுவர்த்திகள் கூடிக்கொண்டே போயின. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். இன்னும் சில வாரங்களில் அவளுடைய கோடுகள் பழைய ஆழத்துக்குப் போய்விடும். வெயில் காலத்துக்குள் கன்னமும் இறங்கிவிடும். வீட்டுக் கண்ணாடியில் மறுபடியும் லூயிசா மட்டும் இருப்பாள். முகத்தை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாயிற்று. இனி கல் பார்த்துக்கொள்ளும்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். எதிரே இருந்த அத்தனை சுடர்களும் உருகி, பெரிய பெரிய மஞ்சள் பூக்களாக விரிந்தன. அவற்றுக்கு நடுவே, பாதையின் அந்தக் கோடியில், யாரோ ஒருத்தி தலையில் முக்காட்டோடு இந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. லூயிசா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அவள் கிட்டே வரும்வரை நின்றாள்.